செட்டிகுளத்து ஒலிநாடாவும் ஏழாம் விதியும்

1

அனுமதிச்சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த விதிகளில் ஏழாவது இது: ‘பார்வையாளர் தாம் கொண்டுவரும் ஓர் இசைத்தட்டையோ ஒலிநாடாவையோ, வந்த வரிசைப்படி, எந்த அறையிலும் போட்டுக் காட்டும்படி கேட்கலாம். தகுந்த காரணமின்றி மறுக்கப்பட மாட்டாது.’

‘தகுந்த காரணமின்றி’ என்பதைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வருவாய்த்துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். பெரம்பலூரிலும் அரியலூரிலும் தாலுக்கா ஆபீஸ் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை இந்த ஒரு தொடரைக் காட்டியே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் தன் பக்கம் ஒரு விதி இருப்பதாக நினைத்துவிட்ட மனிதன் அறிவை வீட்டில் வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறான்.

சீட்டு, இங்கே இங்கிலாந்தில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஒலிக்கருவிக் கண்காட்சிக்கானது. ‘அந்த ஊரில் பாட்டு கேட்கிற கருவிகளுக்கே திருவிழா எடுக்கிறார்களாமே, பார்த்தால் எழுதுங்கள்’ என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பார்த்தேன். எழுதுகிறேன். ஆனால் நான் போனது கருவி பார்க்க அல்ல. ஒரு வழக்கை முடிக்க.

வழக்கு எனக்கும் என் மகன் ராஜேந்திரனுக்கும் இடையில் உள்ளது. பதினான்கு ஆண்டுகளாக நிலுவை. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது செட்டிகுளம் பங்குனி உத்திரத் திருவிழாவில் என்னைத் தவறவிட்டுவிட்டு, மைக்கில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரம் கூப்பிட்டேன் என்பது அவன் கட்சி. ஐந்து நிமிடம் என்பது என் கட்சி. சாட்சி ஒன்றே ஒன்று. அவன் கூப்பிட்டது ஓர் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

என் மனைவி செண்பகம் இந்த வழக்கில் இரண்டு தரப்பையும் வெறுப்பவள்.

“ஒரு தடவ உக்காந்து பேசித் தீத்துக்கக் கூடாதா ரெண்டு பேரும்?”

“ரெக்கார்டு இல்லாம எப்படித் தீக்கிறது?”

“ரெக்கார்டாம் ரெக்கார்டு. அன்னையிலேர்ந்து அவன் உங்களை எதுக்காச்சும் கூப்புட்டிருக்கானா, அதச் சொல்லுங்க முதல்ல.”

யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அம்மாவிடம் போவான். நான் ஓய்வு பெற்றதும், டாக்டராக இருக்கும் எங்கள் மகள் மூவரையும் இங்கே வரவழைத்துக்கொண்டாள். இங்கே வந்தும் அப்படித்தான். இப்போது ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் வேலை பார்க்கிறான். மாதாந்திர அறிக்கை போல மாதம் ஒரு முறை வருவான். மழை கொட்டினாலும் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருவான். ‘கூட்டிப் போக வாருங்கள்’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

2

செட்டிகுளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரை ஒட்டி ஒரு குன்று. மேலே முருகன். கீழே சுற்றிலும் சின்ன வெங்காய வயல்கள். பங்குனி உத்திரத்துக்கு அந்தச் சுற்றுவட்டாரமே அங்கே கூடிவிடும். மைக்செட் யாருடையது என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான திருவிழா.

பெரம்பலூரில் மைக்செட் கடை வைத்திருந்த தங்கராசு என் நண்பர். சந்தையில் கிடைத்ததை விற்கிறவர் அல்ல. ஆம்ப்ளிபையரைத் தன் கையாலேயே கட்டுவார். மாலையில் ஆபீஸ் முடிந்ததும் நான் அவர் கடையில் பற்றவைப்புக் கம்பியும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். கோப்பு பார்த்துக் கெட்டுப்போன கண்ணை மேலும் கெடுத்துக்கொள்ள எனக்கு அது உதவியது.

அந்த ஆண்டு அவருக்கு நெருக்கடி. அரியலூரிலிருந்து புதிய செட்டுடன் ஒருவர் கிளம்பியிருந்தார். அடுத்த ஆண்டுத் திருவிழாவை யாருக்குக் கொடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மைக்செட்டின் தரத்தை அளக்க ஒரே கேள்விதான். எந்த ஊர் வரைக்கும் கேட்டது? இனிமையாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இனிமை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

“சார், மலை மேல கட்டிப் போட்டா பாடாலூர் ரோட்டு மைல்கல்லு வரைக்கும் வார்த்தை புரியணும். சத்தம் மட்டும் வந்தாப் பத்தாது, வார்த்தை புரியணும்” என்றார் தங்கராசு. “இல்லேன்னா அரியலூர்க்காரன் அடுத்த வருசம் பூந்துருவான். நீங்க நடந்துபோயி கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா ஊருல நம்புவாங்க. கெவருமெண்டு ஆளு.”

குன்றின் உச்சியில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். கீழே மண்டபத்தில் மைக்கும் ஆம்ப்ளிபையரும். பக்கத்தில் என்னுடைய ஸ்பூல் டேப்ரிக்கார்டர். மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழசாக வாங்கியது. நாகஸ்வரம் பதிவாகட்டும் என்று ஓட விட்டிருந்தேன். பையனை ஆம்ப்ளிபையருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, “எந்திரிக்காதே” என்று சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்துடன் வயல் வரப்பில் இறங்கினேன். செண்பகம் அம்மை வார்த்து வீட்டில் இருந்தாள். “புள்ளையக் கையப் புடிச்சிக்கிட்டே இருங்க” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

எட்டு வயதுப் பையன் ‘எந்திரிக்காதே’ என்ற உத்தரவை எத்தனை நேரம் மதிப்பான்? எழுந்து பலூன் பார்க்கப் போயிருக்கிறான். திரும்ப வழி தெரியாமல் அழுதவனை யாரோ மண்டபத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தங்கராசு மைக்கை அவன் கையில் கொடுத்து, “உங்கப்பாவ நீயே கூப்புடுறா” என்றிருக்கிறார்.

வயலில் இருந்த எனக்கு அது கேட்டது. உடனே திரும்பினேன். ஐந்து நிமிடம். இதுதான் பதினான்கு ஆண்டுகளாக என் வாக்குமூலம். மனைவியிடம் சொன்னது, மகளிடம் சொன்னது, அவனிடமே சொன்னது.

அடுத்த வாரமே டேப்ரிக்கார்டரின் மோட்டார் புகைந்து படுத்துவிட்டது. பம்பாயிலிருந்து வரவேண்டிய உதிரி பாகம் இன்று வரை வரவில்லை. நானும் விரட்டவில்லை. நான் விரட்டாமல் விட்ட கோப்புகள் என் பணிக்காலத்திலேயே மிகச் சில. அது ஏன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

3

கண்காட்சி நடந்தது ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஓட்டலில். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு படுக்கையறை. கட்டிலைக் கழற்றிக் குளியலறையில் சாத்திவிட்டு, அந்த இடத்தில் ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தார்கள். கட்டில் கால் பதிந்த குழி தரைவிரிப்பில் அப்படியே தெரிந்தது. வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒருவர் கூட மனைவியை அழைத்துவரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இந்த நாட்டவரின் அறிவை மெச்சினேன்.

என்னை மகளின் காரில் கூட்டிப்போனவன் ராஜேந்திரன். அவனாகக் கேட்டுக்கொண்டு வரவில்லை. “அந்த டேப்பக் கேட்டு இந்தச் சனியனை முடிச்சுத் தொலைங்க” என்று செண்பகம் இருவரையும் வாசலுக்குத் தள்ளினாள்.

முதல் அறையில் மழை பெய்தது. இசைத்தட்டில்தான். பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்கள். “எவ்வளவு இயற்கையாக இருக்கிறது” என்றார் ஒருவர். சன்னலுக்கு வெளியே அதே மழை, அதைவிட இயற்கையாகப் பெய்துகொண்டிருந்தது. கேட்பாரில்லை. இந்த நாட்டில் மழைச் சத்தத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவனை என்ன சொல்வது? இரண்டாவது அறையில் கண்ணாடி உடைந்தது. மூன்றாவதில் ரயில் போனது. நான்காவதில் ஒருவர் கதவைத் திறந்து மூடினார். பாட்டு என்று ஒன்று உலகில் உண்டு என்பதை ஐந்தாவது அறை வரை யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை.

கம்பிக்கென்றே ஓர் அறை இருந்தது. விரல் தடிமன் கம்பி, மேலே அம்புக்குறி. மின்சாரம் அந்தத் திசையில் போனால்தான் குரல் நன்றாக இருக்குமாம். இசைக்கான மின்னோட்டம் நொடிக்குப் பல நூறு தடவை முன்னும் பின்னும் போய்வருவதாயிற்றே, திரும்பி வரும்போது அம்புக்குறியை என்ன செய்யும் என்று கேட்டேன். அந்த இளைஞர் என்னைப் பரிவோடு பார்த்து, “சார், காதால் கேட்க வேண்டும், கணக்கால் அல்ல” என்றார். எங்கள் ஊரில் ஏலக்காய் தருகிறேன் என்று எலந்தை விற்கிற ஆட்களும் இதைத்தான் சொல்வார்கள்.

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கு அடியில் கருங்கல் பலகை. அதிர்வு ஏறாதாம். பெரம்பலூரைச் சுற்றி அந்தக் கல்லை வெட்டியெடுத்துக் குவித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அதன்மேல் சட்னி அரைக்கிறார்கள். இதைவிட வேடிக்கை, கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிபையர். ‘பழமையின் வெதுவெதுப்பு’ என்று அதன் கீழ் எழுதியிருந்தது. தங்கராசு அதே கண்ணாடி வால்வுகளைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா போனவர். அந்த வெதுவெதுப்பில் அவருக்கு இரண்டு முறை கை பொசுங்கியிருக்கிறது.

எல்லா அறையிலும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் ஒலி சரியாக விழுமாம். அரை அடி நகர்ந்தால் போயிற்று. அதற்காக வரிசையில் நிற்கிறார்கள். உட்கார்கிறார்கள். தலையை ஆட்டுகிறார்கள். எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு மைக்செட் ஏழு ஊருக்குக் கேட்க வேண்டும். இங்கே ஒரு நாற்காலிக்குக் கேட்டால் போதும். எது பைத்தியம் என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை. இரண்டிலும் இருந்திருக்கிறேன்.

“போதும்பா. டேப்பக் குடுத்துக் கேட்டுட்டுப் போலாம்” என்றான் ராஜேந்திரன்.

4

ஸ்பூல் நாடா ஓட்டும் பெரிய இயந்திரம் ஒரே ஓர் அறையில்தான் இருந்தது. ஸ்டூடியோக்களுக்கானது. கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் அதைக் குழந்தை போலத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து நாடாவை எடுத்து, சீட்டைத் திருப்பி ஏழாவது விதியைக் காட்டினேன்.

படித்தார். நாடாவின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“இது மெதுவான வேகத்தில் பதிவானது. இந்த இயந்திரத்தில் அந்த வேகம் கிடையாது. இதன் குறைந்த வேகமே உங்களுடையதைப் போல இரண்டு மடங்கு.”

“விதியில் வேகம் பற்றி ஒன்றும் இல்லையே.”

“இல்லைதான். ஆனால் அது தகுந்த காரணம் அல்லவா?”

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் சன்னலுக்கு உள்ளேயிருந்து சொன்னதை, இப்போது வெளியே நின்று கேட்டேன். அந்த இடத்தில் நின்றவர்கள் எல்லோரும் என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன். பிடிவாதம் பிடித்தேன். மறுப்பதானால் எழுத்தில் கொடுங்கள் என்றேன்.

“அப்பா, வேணாம்பா” என்றான் ராஜேந்திரன் கதவருகிலிருந்து.

“நீ சும்மா இருடா. விதி இருக்கு.”

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. எழுதிக் கொடுப்பதைவிடப் போட்டுவிடுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோளைக் குலுக்கிவிட்டு நாடாவை மாட்டினார். நாகஸ்வரம் பொம்மை ஊதல் போலக் கீச்சிட்டது. வேகமாக ஓட்டி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் போட்டார்.

ஒரு குழந்தையின் குரல். இரட்டை வேகத்தில். அணில் ஒன்று மரத்திலிருந்து கத்துவது போல. கிச் கிச்சென்று, நிறுத்தாமல், ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப. மொழி தெரியாதவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அறை முழுவதும் சிரித்தது. கழுத்துப்பட்டைக்காரரும் சிரித்தார். மழைக்குக் கண்ணை மூடிக்கொண்ட அதே ஆட்கள்.

எனக்கு வார்த்தை புரிந்தது. இரட்டை வேகத்திலும் புரிந்தது. தங்கராசுவின் ஆம்ப்ளிபையர் அப்படி.

திரும்பிப் பார்த்தேன். கதவருகில் யாரும் இல்லை.

கழுத்துப்பட்டைக்காரருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. “இது யார், உங்களுக்குத் தெரிந்த குழந்தையா?” என்றார். ஆமாம் என்றேன். சிரிப்பு நின்றது. தங்கள் பட்டறையில் சரியான வேகமுள்ள பழைய இயந்திரம் இருக்கிறது, நாடாவை விட்டுப் போனால் கேசட்டில் மாற்றி அனுப்புகிறேன் என்றார். நான் ரசீது கேட்டேன். அவரிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. விளம்பரத் தாளின் பின்புறம் நானே எழுதி, நாடாவின் அளவு, நிறம், பெட்டியின் கிழிசல் எல்லாவற்றையும் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ராஜேந்திரன் காரில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது, “நல்லா சிரிச்சாங்க இல்லப்பா?” என்றான். கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் ஸ்டேஷனுக்கு நடந்தான். அம்மாவைப் பார்க்காமல் அவன் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

5

ஒரு மாதம் காத்திருந்துவிட்டு முதல் கடிதம் எழுதினேன். பார்வை, பொருள், வரிசை எண்களிட்ட பத்திகள், ரசீதின் உண்மை நகல், முடிவில் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’. எல்லாம் ஆபீஸில் எழுதிப் பழகிய அதே ஆங்கிலத்தில்; ‘ஆவன’ என்பது அதில் ‘நீட்ஃபுல்’. மகள் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீட்ஃபுல்னா என்னப்பா? என்ன செய்யணும்னு சொல்லவே இல்லையே?”

“அது அவங்களுக்குத் தெரியணும்.”

“இந்த ஊருல தெரியாது. டேப்பைத் திருப்பி அனுப்புங்கன்னு ஒரே வரி எழுதுங்க.”

ஒரே வரியில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பும் தலைமுறை. எழுதவில்லை. இரண்டாம் மாதம் நினைவூட்டு ஒன்று. மூன்றாம் மாதம் நினைவூட்டு இரண்டு. நான்காம் மாதம், கம்பெனித் தலைவர் பெயருக்கே நேர்முகக் கடிதம். நான் கையாண்ட ஒவ்வொரு படியும் என் சன்னலில் யாரோ ஒருவர் எனக்கெதிராகக் கையாண்டதுதான். விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவர் பட்டா மாற்றத்துக்கு என்னிடம் பதினோரு நினைவூட்டு போட்டிருக்கிறார். அவர் எழுத்து எவ்வளவு குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று நாங்கள் ஆபீஸில் பேசிக்கொள்வோம். பதில் போட்டதாக நினைவில்லை.

ராஜேந்திரனின் மாதாந்திர அறிக்கையும் நின்றுபோனது. அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவான். நான் எடுத்தால், “அம்மா இருக்காங்களா?” என்பான்.

“டேப்பு வந்து என்ன ஆகப் போவுது?” என்றாள் செண்பகம் ஒரு நாள். “அஞ்சு நிமிசம்னு வந்தா அவன் பொய்யன். ஒரு மணி நேரம்னு வந்தா நீங்க பொய்யர். ரெண்டுல எது வந்தா சந்தோசப்படுவீங்க?”

அவள் எந்தத் தாலுக்கா ஆபீஸிலும் வேலை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்போம்.

6

பிப்ரவரியில் பொட்டலம் வந்தது. நாடா, ஒரு கேசட், ஒரு பக்கக் குறிப்பு. கழுத்துப்பட்டைக்காரர் கைப்பட எழுதியிருந்தார். தாமதத்துக்கு மன்னிப்பு. பிறகு, தொழில் தெரிந்தவர் எழுதும் பட்டியல்: ‘முதல் இருபத்தோரு நிமிடம் குழலும் மேளமும். பிறகு குழந்தையின் குரல், இடையில் ஓர் ஆணின் குரல், இருபத்து நான்கு நிமிடம். அத்துடன் நாடா தீர்ந்துவிடுகிறது. மலையில் மோதித் திரும்பும் எதிரொலி மிக அழகு. அன்று சிரித்ததற்கு வருந்துகிறேன்.’

அத்துடன் நாடா தீர்ந்துவிடுகிறது. நான் வந்து சேர்வதற்கு முன்பே.

மகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். செண்பகமும் நானும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம்.

“அப்பா, நான் மைக்செட்டுக்கிட்ட நிக்கிறேன். வாங்கப்பா.”

அவ்வளவுதான் அவன் பேச்சு. அதையே சொல்கிறான். முதலில் அழுகையோடு, பிறகு கோபத்தோடு, பிறகு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல. நடுவில் தங்கராசு: “இன்னும் சத்தமா கூப்புடு. எங்கியாச்சும் ரேடியோவப் பிரிச்சிப் போட்டு உக்காந்திருப்பாரு உங்கப்பா.” கூட்டத்தின் சிரிப்பு. மறுபடியும், “வாங்கப்பா.”

அவன் கூப்பிடத் தொடங்கிய பதினெட்டாவது நிமிடத்தில், மைக்குக்குச் சற்றுத் தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் பேசுகிறார். தங்கராசுவின் மைத்துனர். “மாமா, சார் சொல்லிவுட்டாரு. மைல்கல்லு வரைக்கும் வார்த்தை சுத்தமா புரியுதாம். பையன் குரலு நல்லா ஏறுதாம். நிறுத்த வேணாம்னாரு.”

தங்கராசு பையனிடம்: “கேட்டியா? உங்கப்பாவுக்குக் கேக்குதாம்டா. நிறுத்தாத, பேசு.”

அதற்குப் பிறகு ஆறு நிமிடம் அவன் பேசியது, அப்பாவுக்குக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு பேசியது.

செண்பகம் எழுந்து அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. அவன் குரல் கேட்டபோது நான் பாதி வழியில்தான் இருந்தேன். திரும்பவில்லை. முன்னால் நடந்தேன். பையன் தங்கராசுவிடம் பத்திரமாக இருக்கிறான், பயமில்லை என்று கணக்குப் போட்டேன். நாகஸ்வரத்தைவிடக் குழந்தைக் குரலே குழாய் ஸ்பீக்கருக்குச் சரியான பரீட்சை என்றும் கணக்குப் போட்டேன். இரண்டு கணக்கும் சரி. மைல்கல்லில் நின்று, பின்னால் சைக்கிளில் வந்த மைத்துனரிடம் சொல்லியனுப்பினேன். அது நாடாவில் ஏறியிருக்கும் என்பது மட்டும் என் கணக்கில் இல்லை. பிறகு இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் திரும்பினேன். மண்டபத்துக்கு வந்தபோது பையன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. திருவிழா தங்கராசுவுக்கே கிடைத்தது.

என் டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எதையும் தூக்கிப் போடாதவன் தனக்கெதிரான சாட்சியத்தையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறான். கடைசிப் பதிவு என் கையெழுத்தில்: ‘மைல்கல். சிறுவன் குரல். வார்த்தை தெளிவு. மிக நன்று.’ சிறுவன் என்று எழுதியிருக்கிறேன். பெயர் எழுதவில்லை.

மழையைக் கேட்கச் சீட்டு வாங்கியவர்களைப் பற்றி மேலே என்னென்னவோ எழுதிவிட்டேன். அந்த வரிகளை அடித்துவிடலாம். அடிக்கவில்லை. அவர்கள் இசைத்தட்டு மழையைத்தான் ரசித்தார்கள். யாரும் நனையவில்லை.

கேசட்டை அவனுக்கு அனுப்புவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். பொட்டலம் வந்தது அவனுக்குத் தெரியாது. கோப்பைக் காணவில்லை என்று எழுதி முடித்துவிடும் வழி எனக்குத் தெரியாததல்ல.  செண்பகம் அஞ்சல் தலைகளை மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள்.

எழுதினேன். பார்வை, பொருள் எல்லாம் போட்டுத்தான். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. ‘ஒலிநாடா பரிசீலிக்கப்பட்டது. எதிர்மனுதாரர் கூறிய ஐந்து நிமிடம் பொய் என்று தெளிவாகிறது. நாடா முடியும் வரை அவர் வரவில்லை. எனவே மனுதாரர் கூறிய ஒரு மணி நேரம் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எதிர்மனுதாரருக்குக் கேட்டது. கேட்டும் வரவில்லை.’ கேசட்டும் நோட்டுப் புத்தகப் பக்கத்தின் உண்மை நகலும் இணைப்பு. கீழே ‘ஆவன செய்யவும்’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘அப்பா’ என்று கையெழுத்திட்டேன்.

பத்து நாள் பதில் இல்லை. நினைவூட்டு எழுதவில்லை.

பிறகு ஓர் அட்டை வந்தது. தமிழில். இங்கே வந்த பிறகு அவன் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை. ஒற்று எதுவும் சரியாக இல்லை. திருத்தி இங்கே தருகிறேன்:

‘அப்பா, கேட்டேன். ஒரு மணி நேரம் இருக்காது, எனக்கும் தெரியும். மைல்கல்லுக்கு அந்தப் பக்கம் கேட்டதா இல்லையா? நோட்டில் அது இல்லை. ஞாயிறு பதினொரு மணி வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாங்கப்பா.’

பழைய வழக்கப்படி அட்டையின் மூலையில் குறித்து வைத்தேன். பெறப்பட்டது: மார்ச் 2, சனிக்கிழமை.